தலைமாட்டுத் தட்டு

தேயிலைத் தோட்டத்து மேல் பிரிவான மேக்கணக்கில் குடிகாரப் புருஷன்மாருக்குப் பஞ்சமில்லை. சம்பள நாள் சாயங்காலம் சாராயத் தவறணை வாசலில் போய் நின்றால் பாதி லயத்தை அங்கேயே பார்த்துவிடலாம். ஆனாலும் நல்லதண்ணி ரோட்டுக்கு மேலே இருக்கிற அந்த நீட்டு லயத்து வரிசை வீடுகளில் முதல் நம்பர் குடிகாரன் யார் என்று அந்தக் காலத்தில் கேட்டிருந்தால், சின்னப் பிள்ளைகூட ஐந்தாம் காம்பராவைத்தான் காட்டியிருக்கும். நாகலெட்சுமியின் புருஷன், ஒற்றைக்கால் அழகன்.

அந்த மனுஷன் ஆயுளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. அவனுக்கு அந்தப் பட்டத்தைக் கட்டிவிட்டவள் அவன் பெண்டாட்டிதான். சும்மா ஒரு கோபத்தில் கட்டிவிடவில்லை. யோசித்து, வேண்டுமென்றே, வருஷக்கணக்காகச் செய்தாள்.

நாகலெட்சுமி அதே லயத்தில் பிறந்தவள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாள். பதினெட்டு முடிந்ததும் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்தெடுக்க மலையேறினாள். கொழுந்து எடுப்பதில் கெட்டிக்காரி என்று சொல்ல முடியாது, சோம்பேறி என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு குணம் அவளிடம் தனியாக இருந்தது. ஊர் என்ன சொல்லும் என்பதை, ஊர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே யோசித்துப் பயந்துவிடுவாள். சேலையில் ஒரு கிழிசல் இருந்தால் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்களத்தில் கடைசி ஆளாகப் போய் நிற்பாள். யாரும் அவளைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அது வேறு விஷயம்.

தொண்ணூற்று நாலில் கல்யாணம். மாப்பிள்ளைக்குப் பொல்பிட்டியப் பக்கம், கொழும்பில் கடை வேலை என்றார் தரகர். மூன்றாம் நாள் மறுவீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் அழகன் மெதுவாகச் சொன்னான்.

"நான் கடையில இல்ல. ஆமியில இருக்கேன்."

நாகலெட்சுமிக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. "ஒங்கள யாருங்க ஆமியில சேத்தாங்க?"

அவன் விளக்கமாகச் சொன்னான். பக்கத்தில் தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லாததால் சிங்களப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தான். கூட்டாளிகள் எல்லாரும் சிங்களப் பையன்கள். படித்து முடித்து வேலை தேடி அலைந்தபோது எவனும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒருநாள் கூட்டாளிகள் கூட்டமாகப் போய் ஆமியில் சேர்ந்தார்கள், இவனும் போனான். இவன் பேசுகிற சிங்களத்தைக் கேட்டு யாரும் இரண்டாம் கேள்வி கேட்கவில்லை. பட்டாள முகாமில் அவனை, சிங்களப் பேர் மாதிரி, அழகக்கோன் என்றே கூப்பிட்டார்கள். "வேற வேல கெடைச்சிருந்தா போயிருக்க மாட்டேன்" என்று முடித்தான்.

நாகலெட்சுமியின் சிரிப்பு அதற்குள் போயே போய்விட்டது. அந்த நாளில் ஆமி என்றால் தோட்டத்துச் சனத்துக்கு என்ன அர்த்தம்? ஹட்டன் பஸ்ஸில் போகிறவர்களை இறக்கி வரிசையில் நிற்க வைக்கிறவர்கள். அடையாள அட்டையில் இருக்கிற பேரைப் பார்த்ததும் முகம் மாறுகிறவர்கள். தமிழ்ப் பேர் என்ற ஒரே குற்றத்துக்காகக் கூண்டுக்குள் ராத்திரி கழித்த ஆள் ஒவ்வொரு லயத்திலும் இருந்தான். அந்தச் சனத்துக்கு நடுவில் இவள் ஆமிக்காரன் பெண்டாட்டி. பீலிக்கரையில் ஒருத்தி அப்படிச் சொல்லிவிட்டால் குடத்தை அங்கேயே போட்டுவிட்டு எங்கே போய் ஒளிவது?

"இது யாருக்கும் தெரியக் கூடாதுங்க" என்றாள். அவன் தலையாட்டினான்.

அதிலிருந்து அவன் லீவில் வரும்போதெல்லாம் அவள் அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். முதலில் அவனைச் சாப்பாட்டுக் கடையில் வேலைக்கு வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரி ஒரு நாள் கொத்துரொட்டி எப்படிப் போடுவது என்று கேட்க, அவன் திருதிருவென்று முழித்தான். அன்றிலிருந்து அவனை இரும்புக் கடைக்கு மாற்றிவிட்டாள். ஆணி எப்படிச் செய்வது என்று எந்தப் பொம்பளையும் கேட்க மாட்டாள் அல்லவா.

அந்தப் பக்கத்து வீட்டுக்காரி அடைக்கம்மா. ஆறாம் காம்பரா. புருஷன் குடித்துக் குடித்தே ஈரல் கெட்டுச் செத்தவர். ஒரே மகன் சோலைமலை. மகள் வினோதா பிறந்தபோது நாகலெட்சுமிக்குப் பத்தியச் சாப்பாடு ஆக்கிப் போட்டது அடைக்கம்மாதான். நாகலெட்சுமி அவளைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள்.

தொண்ணூற்றேழில் சோலைமலை வேலை தேடி வவுனியாவில் இருந்த தாய்மாமன் வீட்டுக்குப் புறப்பட்டான். அவன் பஸ் ஏறினதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இறங்கினதைப் பார்த்தவர்கள் இல்லை. மாமன் வீட்டுக்கும் அவன் போய்ச் சேரவில்லை. அடைக்கம்மா ஏறாத வாசல்படி இல்லை. எல்லா இடத்திலும் உட்காரச் சொன்னார்கள், பிறகு போகச் சொன்னார்கள். கடைசியில் அலைவதை நிறுத்தினாள். மலைக்குப் போவாள், வருவாள், பேச்சை மட்டும் குறைத்துக்கொண்டாள்.

அந்த முறை லீவில் வந்த அழகன், பக்கத்து வீடு ஏன் இப்படி அமைதியாக இருக்கிறது என்று கேட்டான். நாகலெட்சுமி விஷயத்தைச் சொன்னாள். அவன் பிசைந்து வைத்திருந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கை கழுவினான். லீவு முடிவதற்கு முன்னாலேயே புறப்பட்டும் போய்விட்டான். அன்றைக்கு ஏன் சாப்பிடவில்லை என்று அவள் கேட்கவே இல்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவானோ என்று பயந்தாள். அவனுக்குத் தமிழ் தெரியும் என்பதால் வவுனியாப் பக்கம் ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறிக்கிற வேலைக்கு அவனைப் போட்டிருக்கிறார்கள் என்பது அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

அடுத்த வருஷம் மிதிவெடி அவனுடைய வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டு போனது. நாகலெட்சுமி கைக்குழந்தையோடு கொழும்பு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். திரும்பி வந்து, கடைச் சாமான் ஏற்றிவந்த லொறி மோதிவிட்டது என்று அழுதாள். அழுகை உண்மை. லொறிதான் பொய்.

அவன் மரக்காலும் ஊன்றுகோலுமாக லயத்துக்கு வந்து சேர்ந்த அன்று மேக்கணக்கே திரண்டு வந்தது. முட்டை கொண்டு வந்தார்கள், மாப்பால் டின் கொண்டு வந்தார்கள். எந்த லொறிக்காரன் என்று கேட்டுப் பல்லைக் கடித்தார்கள். அடைக்கம்மா தன்னிடம் இருந்த ஒரே கோழியை அறுத்து ரசம் வைத்துக் கொண்டுவந்து, "சூட்டோட குடிங்க தம்பி" என்று பக்கத்தில் நின்று குடிக்க வைத்தாள். மிச்சம் இருந்ததை நாகலெட்சுமி வாயில் வைத்துப் பார்த்தாள். வெட்கத்தில் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

இங்கே லயத்துச் சுவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காம்பராவுக்குக் காம்பரா நடுவில் இருக்கிற சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆளுயரத்துக்கு மேலே கொஞ்சம் போய் நின்றுவிடும். கட்டின வெள்ளைக்காரனுக்குக் கல் மிச்சம், நமக்கு மானம் மிச்சமில்லை. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் நூறு வயசு என்று வாழ்த்துவார்கள்.

அப்படிப்பட்ட வீட்டில், வந்த அன்று ராத்திரியே அழகன் தூக்கத்தில் கத்தினான். முதலில் சிங்களத்தில், "ஒக்கோம பஹின்ன" என்று அதிகாரமாகக் கத்தினான். பிறகு தமிழில். "எல்லாரும் பஸ்ஸ விட்டு எறங்குங்க. பேரச் சொல்லு. ஊரச் சொல்லு."

நாகலெட்சுமி திடுக்கிட்டு விழித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பவள் பஸ்ஸில் போய்த் தொலைந்த பிள்ளையைப் பெற்றவள். கையை நீட்டினாள், தலைமாட்டில் தண்ணீர்ச் செம்பை மூடியிருந்த அலுமினியத் தட்டு அகப்பட்டது. அதை எடுத்துத் தரையில் ஓங்கி ஓங்கி அடித்தாள். "குடிச்சிட்டு வந்து மனுசர தூங்க விடாம கத்துறியா? நீ உருப்படுவியா? ஒனக்கு வெக்கமா இல்ல?" என்று லயம் முழுக்கக் கேட்கக் கத்தினாள். பகலில் அவனை வாங்க போங்க என்பவள் அவள். அந்த ஒரு நேரத்தில் மட்டும் நீ.

மறுநாள் பெரட்டுக்களத்தில் பெண்கள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஒன் வீட்டுலயும் ஆரம்பிச்சாச்சா?" என்று ஒருத்தி சிரித்தாள். "காலு போன கவல, குடிக்கத்தான் செய்வாரு" என்று இன்னொருத்தி தேற்றினாள். நாகலெட்சுமிக்கு அன்று வந்த நிம்மதியை என்னவென்று சொல்வது? குடிகாரன் பெண்டாட்டிக்கு மேக்கணக்கில் தாராளமாக இடம் இருந்தது.

வீட்டில் அழகன் கேட்டான். "ராத்திரி நான் என்ன சொன்னேன்?"

"நீங்க ஒண்ணும் சொல்லல. சும்மா கத்துனீங்க. நான்தான் ஒங்கள குடிகாரன்னு சொல்லிட்டேன். யாராச்சும் கேட்டா ஆமான்னு சொல்லுங்க."

"சரி" என்றான். சொன்னதைச் செய்து பழகியவன்.

பிறகு அது வழக்கமாகிவிட்டது. தினமும் இல்லை. ஆனால் எந்த நாள் என்று தெரியாது. ஆகவே தட்டு தலைமாட்டிலேயே இருந்தது. அலுப்பில் அசந்துபோகிற ஒன்றிரண்டு நாள் தவிர, அவன் வாயைத் திறந்து இரண்டு வார்த்தை சொல்வதற்குள் அவள் தட்டிவிடுவாள். தூக்கத்திலும் அவளுக்குக் காது விழித்திருந்தது. வினோதாவும் தட்டுச் சத்தத்துக்குப் பழகிப்போய்ப் புரண்டு படுத்துக்கொள்வாள்.

பொய் சும்மா விடுமா? மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்ட அழகன் ஆசைப்பட்டான். குளித்து, விரதமிருந்து, ஊன்றுகோலோடு கோயிலுக்கு ஏறிப் போனான். கோயில் கமிட்டியில் செல்லசாமி என்று ஒரு பெரிய மனுஷர். முந்தின நாள் அவரே தள்ளாடிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார். அவர் எல்லார் முன்னாலும் கையை விரித்தார். "குடிகாரனுக்கு நாங்க காப்புக் கட்டுறதில்ல அழகா." அவன் படியிறங்கி வந்தான். கூட்டத்தில் நின்ற நாகலெட்சுமி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் தூணுக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். அடைக்கம்மாதான் முன்னால் போய், தன் கையில் இருந்த விபூதியை அவன் நெற்றியில் பூசிவிட்டாள்.

வினோதா பள்ளிக்கூடத்திலிருந்து ஒருநாள் அழுதுகொண்டு வந்தாள். குடிகாரன் மகள் என்று பிள்ளைகள் சொன்னார்களாம். அப்பா குடிக்கவில்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியும். அப்பா ஏன் மறுத்துப் பேசவில்லை என்பதுதான் தெரியவில்லை. அழகன் மகளின் தலையைத் தடவிக் கொடுத்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்தான். நாகலெட்சுமி அடுப்பை ஊதினாள். புகைக்குத்தான் கண் கலங்குகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பொய்யை விட்டுத் தொலைக்க வேண்டிய நேரத்தில் அதை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிற புத்தி மனுஷருக்கு உண்டு. நாகலெட்சுமிக்கு அது கொஞ்சம் அதிகம். வெட்கம் கூடக் கூடத் தட்டின் சத்தமும் கூடியது.

இரண்டாயிரத்து நாலில், சண்டை ஓய்ந்திருந்த சமயம், காயப்பட்ட ஆமிக்காரர்களின் குடும்பங்கள் எப்படி இருக்கின்றன என்று ஓர் ஆராய்ச்சி நடந்தது. உடம்பு எப்படி, மனசு எப்படி, பெண்டாட்டி பிள்ளைகள் எப்படி என்று கேட்கிற ஆராய்ச்சி. ஹட்டனில் ஒரு மண்டபத்துக்குப் பெண்டாட்டிமாரைக் கூப்பிட்டிருந்தார்கள். வினோதாவுக்குச் சப்பாத்து வாங்கப் போவதாக லயத்தில் சொல்லிவிட்டு நாகலெட்சுமி போனாள்.

மண்டபம் நிறையச் சிங்களப் பெண்கள். தேநீரும் பணிஸும் கொடுத்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கினிகத்தேனைப் பெண் ஒருத்தி கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரிக் கலகலவென்று பேசினாள். தன் வீட்டுக்காரர் ராத்திரியில் கத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிடுவாராம். சத்தம் கேட்டால் அக்கம்பக்கத்து வீடுகளில் விளக்கெரியுமாம். யாராவது ஒருவர் பிளேன்டீ ஊற்றிக்கொண்டு வந்து, அவர் அடங்கும் வரைக்கும் கூட உட்கார்ந்திருப்பாராம். "உங்கள் ஊரிலும் அப்படித்தானே?" என்று அவள் சிங்களத்தில் கேட்டாள். நாகலெட்சுமி ஆமாம் என்று தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலுக்கு அவளுக்கே அவள்மீது அருவருப்பு வந்தது.

தமிழ்க் குடும்பங்களிடம் பேசுவதற்கு ரோகினி என்று ஒரு பெண் வந்திருந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், கண்ணாடி போட்டவள். தனியே ஓர் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, இது உங்கட அவரைப் பற்றி மட்டும் இல்லை. உங்களைப் பற்றியும்தான். நீங்கள் வடிவா நித்திரை கொள்ளுறியளோ?"

இத்தனை வருஷத்தில் நீ தூங்கினாயா என்று நாகலெட்சுமியை ஒருவரும் கேட்டதில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் போல இருந்தது. அதற்குள் ரோகினி அடுத்ததைக் கேட்டுவிட்டாள். "அவர் நித்திரையில என்னவும் கத்துறவரோ? என்ன சொல்லிக் கத்துறவர்?"

என்ன சொல்லிக் கத்துகிறார். வடக்கிலிருந்து வந்த ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து, பஸ்ஸை விட்டு இறங்கச் சொல்லிக் கத்துகிறார் என்று எப்படிச் சொல்வது? இவளும் ஒரு நாள் அப்படி இறங்கி நின்றிருப்பாள். இவள் அண்ணனோ தம்பியோ இறங்கி நின்றிருப்பான். நாகலெட்சுமியின் முகம் காதுவரை சூடேறியது. பழகிப்போன வார்த்தை தானாகவே வாய்க்கு வந்தது.

"அவரு குடிப்பாருங்க மிஸ். குடிச்சிட்டுக் கத்துவாரு."

ரோகினி பேனாவை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்தாள். "வெக்கப்படாதேங்கோ அக்கா. நானும் அம்மாட்ட ஆமிக் குடும்பங்களோட வேலையெண்டு சொல்லேல்லை. தோட்டத்துத் தாய்மாரைப் பற்றின ஆராய்ச்சி எண்டுதான் சொல்லியிருக்கிறன். குடிக்கு வைத்தியம் இருக்கு. நான் ஒழுங்கு செய்யிறன்."

சொன்னபடியே செய்தாள். அந்த வருஷக் கடைசியில் அழகனுக்குக் குடியை மறக்க வைக்கிற இடம் ஒன்றில் கட்டில் கிடைத்தது. நாகலெட்சுமி அவன் துணியை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தாள். இப்போதாவது வாயைத் திறந்து உண்மையைச் சொல்லிவிடுவான் என்று எதிர்பார்த்தாள். சொல்லிவிடுவானோ என்று பயந்தும் செத்தாள். அவன் பையை வாங்கிக்கொண்டு புறப்பட்டுப் போனான்.

சில வாரம் கழித்துத் திரும்பி வந்தான். இன்னும் மெலிந்திருந்தான். பிளேன்டீயைக் கையில் கொடுத்துவிட்டு அவள் எதிரில் நின்றாள்.

"அங்க எல்லாரும் எந்திரிச்சு நின்னு, நான் குடிய விட்டுட்டேன்னு சொன்னாங்க" என்றான். "என்னையும் சொல்லச் சொன்னாங்க. நான் எத விட்டேன்னு சொல்றது நாகு?"

அவள் வெளியே போய் இருட்டில் நின்றாள். அழ வேண்டும் போல இருந்தது. அழக்கூடத் தனக்கு முகம் இல்லை என்று தோன்றியது.

அடுத்த வருஷம் தைப்பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரோகினி லயத்துக்கே வந்துவிட்டாள். ஆராய்ச்சியில் சேர்ந்தவர்களை மறுபடியும் போய்ப் பார்க்க வேண்டுமாம். வருகிற வழியில் கேட்டவர்களிடம் தோட்டத்துப் பெண்களின் சுகாதாரம் விசாரிக்க வந்ததாகச் சொல்லியிருந்தாள். அந்த மட்டுக்கு நாகலெட்சுமிக்கு உயிர் வந்தது. முன் திண்ணையான இஸ்தோப்பில் பாயை விரித்து உட்கார வைத்தாள். அழகன் உள்ளே படுத்திருந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. அடுத்த இஸ்தோப்பில் அடைக்கம்மா சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டுக்கும் நடுவில் தடுப்பு ஒன்றும் இல்லை.

ரோகினி குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இப்ப குடிக்கிறதில்லைத்தானே அக்கா?"

"கொறஞ்சிருக்குங்க மிஸ்."

"அவரு எங்க குடிச்சாரு, கொறையிறதுக்கு?"

சொன்னது அடைக்கம்மா. சுளகிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

நாகலெட்சுமி சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். "பெரியம்மா, நீங்க செத்த சும்மா இருங்க."

"இத்தன வருசமா சும்மாத்தான் இருக்கேன்." அடைக்கம்மா சுளகைக் கீழே வைத்தாள். "மிஸ், எம்புருசன் குடிச்சே செத்த ஆளு. குடிச்சவன் பக்கத்துல படுத்தவ நானு. இந்தத் தம்பிகிட்ட ஒரு நாளும் அந்த வாட வந்ததில்ல. குடிச்சிட்டுக் கத்துற கத்தும் இல்ல அது."

ரோகினி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப ஏனக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

நாகலெட்சுமி பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். பதில் அடைக்கம்மாவிடமிருந்துதான் வந்தது.

"எனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் மிஸ். அவரு ஆமியில இருந்தவரு. எனக்கு மொத நாளே வெளங்கிருச்சு. லொறியில அடிபட்ட ஆளு பஸ்ஸ விட்டு எறங்குன்னு ஏன் கத்தப் போறாரு?"

எவ்வளவு நாளாக இந்த நிமிஷத்துக்குப் பயந்து கிடந்தாள் நாகலெட்சுமி. அது வந்தேவிட்டது, மழை தூறும் ஒரு பகல் நேரத்தில், சுளகுக்கும் அரிசிக்கும் நடுவில். கோழி ரசம் ஞாபகம் வந்தது. கோயிலில் பூசிய விபூதி ஞாபகம் வந்தது. ரசம் அடைக்கம்மா தெரியாமல் வைத்தது. விபூதி தெரிந்து பூசியது.

"தெரிஞ்சுமா பெரியம்மா எங்கள சும்மா விட்டீங்க? என் மூஞ்சியில காறித் துப்பியிருக்கலாமே."

"துப்பி எனக்கு என்ன கெடைக்கப் போவுது?" அடைக்கம்மாவின் குரல் உயரவில்லை. "நீங்க மூடி வச்சிருக்கிறத நான் எப்படித் தொறந்து கேக்குறது? கேட்டா நீங்க லயத்த விட்டே போயிருவீங்க. போயிட்டா எனக்கு அந்தக் கொரலும் இல்லாமப் போயிரும்."

"என்ன கொரலுங்க?"

"பேரச் சொல்லும்பாரு. ஊரச் சொல்லும்பாரு. செத்த நேரம் பேசாம இருப்பாரு. பெறகு அவரே ஒரு பேரச் சொல்லுவாரு. யாரோ நின்னு பதில் சொல்ற மாதிரி." அடைக்கம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "எம்புள்ள பேரு வருதான்னு சொவத்துல காத வச்சுக்கிட்டு ஒக்காந்திருப்பேன். சரியா அந்த நேரம் பாத்து நீ தட்ட எடுத்துருவ."

நாகலெட்சுமி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். குடிகாரன் என்று புருஷனுக்கு வைத்த பேர், மகள் பட்ட கேலி, அந்தக் கட்டிலில் அவன் வீணாகப் படுத்துக் கிடந்தது, எல்லாமே பக்கத்து வீட்டுக்காரி மனசு நோகக் கூடாது என்பதற்காக என்று தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள். அந்தச் சமாதானமும் போயிற்று. அந்தப் பெற்றவள் ராத்திரி ராத்திரியாகக் காத்திருந்த ஒரு பேரை இவள் தட்டினாலேயே அடித்து விரட்டியிருக்கிறாள்.

லயத்துச் சுவர் அந்தப் பக்கத்துக்கு மட்டுமா கேட்கவிடும்? உள்ளே படுத்திருந்த அழகனுக்கும் எல்லாம் கேட்டிருந்தது. மரக்காலை மாட்டாமல், ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தான். அடைக்கம்மாவின் இஸ்தோப்புப் படியில் மெதுவாக இறங்கி உட்கார்ந்தான்.

"நான் பேரச் சொல்றேன்னு எனக்கே தெரியாதுங்க பெரியம்மா. சும்மா கத்துறேன்னுதான் இவ சொன்னா." நாகலெட்சுமியை அவன் திரும்பிப் பார்க்கவில்லை. "முழிச்சிருக்கப்ப எனக்கு ஒரு பேரும் வராது. மொகம் வரும். எறங்கி மழையில நிப்பாங்க. சில பேர திருப்பி ஏத்தி அனுப்புவோம். சில பேர கொண்டு போயிருவாங்க. எங்க கொண்டு போனாங்கன்னு எனக்குத் தெரியாது. கேட்டதில்ல."

"சோலமலைன்னு ஒருத்தன்" என்றாள் அடைக்கம்மா. "நீலக் கட்டம் போட்ட சட்ட. என்னைய மாதிரியே மேல் பல்லு கொஞ்சம் எடுப்பா இருக்கும்."

அவன் அவளுடைய வாயைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். தலையை அசைத்தான். "தெரியலங்க. இருந்திருப்பான். இல்லாமலும் இருந்திருப்பான். வீட்டுக்கு வந்து விசயம் கேள்விப்பட்ட அன்னையிலேர்ந்து ஒவ்வொரு மொகமா தேடிப் பாக்குறேன்."

ரோகினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அதை மாட்டிக்கொண்டு சொன்னாள். "அண்ணை, பிழையான இடத்துக்கு அனுப்பிப்போட்டன். கண்டியில மனநல டொக்டர் ஒருத்தர் இருக்கிறார். அவரிட்ட நான் கூட்டிக்கொண்டு போறன். இந்தக் கிழமையே போகலாம்."

"அவரு மருந்து குடுத்தா கத்த மாட்டேனா மிஸ்?"

"நல்ல நித்திரை வரும். கனவு குறையும். கத்தாமல் படுப்பியள்."

அழகன் அடைக்கம்மாவைப் பார்த்தான். அவள் சுளகை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அரிசியில் இல்லாத கல்லைத் தேடினாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. போ என்று சொல்லவும் வரவில்லை.

"அடுத்த மாசம் வரேன் மிஸ்" என்றான் அழகன்.

"உங்கட சுகம் அண்ணை இது."

"தெரியும் மிஸ். இத்தன வருசம் கத்துனதெல்லாம் வீணாத்தான் போச்சு. இன்னும் ஒரு மாசம் கத்துனா ஒருத்தருக்காவது ஒதவும்."

நாகலெட்சுமி எழுந்து உள்ளே போனாள். தலைமாட்டில் இருந்த தட்டை எடுத்தாள். அடித்து அடித்து அதன் விளிம்பு ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. அதைக் கொண்டுவந்து அடைக்கம்மாவின் முன்னால் வைத்துவிட்டுக் குந்தினாள்.

"இத நீங்களே வச்சுக்கங்க பெரியம்மா."

அடைக்கம்மா தட்டைத் தொடவில்லை.

"தட்ட வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய? நீ வாய மூடிக்கிட்டுப் படு, அது போதும்."

"சரிங்க பெரியம்மா" என்றாள் நாகலெட்சுமி. தலையை நிமிர்த்தவில்லை.